தராசு பிடித்த கை

நமது மேடையில் ஏறி முழங்கியவரல்லர். நமது கொடியைத் தோளில் சுமந்தவரல்லர். ஆனாலும் மாநில உரிமை என்று வாய் திறக்கும்போதெல்லாம் அவர் பெயரை நாம் சொல்கிறோம். ஏன்?

பி. வி. ராஜமன்னார் 1901இல் பிறந்தார். தெலுங்கில் நாடகம் எழுதிய கலைஞர். 1948இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்தியத் தலைமை நீதிபதியானார். 1961 வரை அந்தத் தராசைச் சாயாமல் பிடித்தார்.

1964இல் நான்காவது நிதிக்குழுவின் தலைமை அவரைத் தேடி வந்தது. அங்கேதான் கணக்கைக் கண்ணால் கண்டார். பள்ளி, மருத்துவமனை, பாசனம், காவல் என்று செலவுச் சுமையெல்லாம் மாநிலத்தின் தலையில்! வளரும் வரிகளின் சாவியோ டில்லியின் இடுப்பில்! வருமான வரியில் மாநிலங்களின் பங்கை மூன்றில் இரண்டிலிருந்து நான்கில் மூன்றாக அவரது குழு உயர்த்தியது. ஆனால் கம்பெனிகள் கட்டும் வரியில் பங்கு கிடையாது. அரசியல் சட்டத்தில் பெயரே இல்லாத திட்டக்குழு, தன் விருப்பப்படி மானியம் வழங்கியது.

உழைத்துச் சம்பாதிக்கும் மகன், பிள்ளைக்கு மருந்து வாங்கப் பெரியவரிடம் கையேந்தி நிற்கும் வீடு எப்படிப்பட்ட வீடு, தோழர்களே?

1969இல் கலைஞர் அரசு மூவர் குழு அமைத்தது. ராஜமன்னார் தலைவர், டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியாரும், பி. சந்திரா ரெட்டியும் உறுப்பினர்கள். நாட்டின் ஒற்றுமைக்கு ஊறு நேராமல் வழி காணவேண்டும் என்பதே பணிக்கப்பட்ட எல்லை. 1971இல் அறிக்கை வந்தது. பிரிவினை கேட்டாரா? இல்லை. பாதுகாப்பையும் வெளிநாட்டு உறவையும் பறிக்கச் சொன்னாரா? அதுவும் இல்லை. முதலமைச்சர்கள் அமரும் மாநிலங்களிடைக் குழு வேண்டும், எஞ்சிய அதிகாரம் மாநிலங்களுக்கு வேண்டும், ஆட்சியைக் கலைக்கும் 356ஆவது பிரிவு நீங்க வேண்டும் என்றார்.

டில்லி கேட்கவில்லை. 1976 ஜனவரி 31இல் அதே 356 பாய்ந்தது. அறிக்கையைப் பெற்ற ஆட்சியே வீழ்ந்தது. எச்சரித்தவர் உயிரோடிருந்து அதையும் பார்த்தார். 1979இல் மறைந்தார்.

பிறகு? 1990இல் மாநிலங்களிடைக் குழு பிறந்தது. 1994இல் பொம்மை வழக்கில் உச்சநீதிமன்றம் 356க்குக் கடிவாளம் போட்டது. 2000இல் வந்த திருத்தம் கம்பெனி வரியிலும் மாநிலங்களுக்குப் பங்கு தந்தது. 2015இல் திட்டக்குழு இருந்த இடத்தில் வேறு அமைப்பு வந்தது.

முழுமையாக அல்ல, அரையும் குறையுமாகத்தான். 356 இன்னும் ஏட்டில் இருக்கிறது. எஞ்சிய அதிகாரம் இன்னும் டில்லியிலேயே இருக்கிறது. நீதிபதி எழுதி வைத்தார். நிறைவேற்றுவது நமது வேலை.