யான் அடங்கிய யாழ்

சைவ உலகம் போற்றும் நாயன்மார் 63 பெருமக்களுள் ஒருவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். 7ஆம் நூற்றாண்டினர்; விருத்தாசலத்தை அடுத்த எருக்கத்தம்புலியூரில் பெரும்பாணர் குலத்தில் அவதரித்தவர். இந்நாளில் அத்தலம் இராசேந்திரப்பட்டினம் என வழங்கும். இவர்தம் வாழ்க்கைத் துணைவியார் மதங்கசூளாமணியார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணம் இவர் வரலாற்றை விரித்துரைக்கின்றது.

பாணனார் முதலில் ஆலவாய்த் திருக்கோயில் வாயிலில் நின்று யாழ் மீட்டினார். இறைவன் அன்பர்தம் கனவில் பணித்தருள, அவர்கள் இவரைத் திருமுன் அழைத்துச் சென்றனர். ஈரத்தரையின் குளிர்ச்சியால் யாழின் நரம்பு தளருமென வானொலி எழ, பொற்பலகை இடப்பெற்றது. திருவாரூரில் வடதிசை வாயில் வகுத்து ஏற்றருளினான் பெருமான்.

பின்னர்ச் சீகாழியை அடைந்து திருஞானசம்பந்தரை வணங்கினார். அன்றுதொட்டுப் பிள்ளையார் பாடும் பதிகங்களை உடனிருந்து யாழில் இடுதலே இவர் தொண்டாயிற்று. இத்தொண்டு எளியதன்று. முன் பாடம் பண்ணிய பாட்டாயின் கை தானே செல்லும். பிள்ளையார் பதிகமோ தலந்தோறும் அக்கணத்தே பிறப்பது. அடுத்த அடி எவ்வழிச் செல்லும் என்று மனம் எண்ணத் தொடங்கின், செவி தப்பும். செவி தப்பின் விரல் பிந்தும். எண்ணம் ஓய்ந்து கேள்வி ஒன்றே நின்றவிடத்துத்தான் கை தடையின்றிச் செல்லும்.

அந்த அமைதிக்கு ஒரு சோதனை வந்தது, காரைக்காலை அடுத்த தருமபுரத்தில். அது பாணனார்தம் அன்னையார் பிறந்த ஊர். இவர் யாழில் வாசித்தலாலேயே பதிகத்தின் இசை உலகில் பரவுகின்றது என்று சுற்றத்தார் புகழ்ந்தனர். பாணனார் நடுங்கினார், யாழில் அடங்காத் திருப்பதிகம் ஒன்று பாடியருளுமாறு பிள்ளையாரையே வேண்டினார். பிள்ளையார் பாட, நரம்பு அவ்விசையைத் தொடர இயலாது நின்றது. இக்கருவியைத் தொட்டதனாலன்றோ இது நேர்ந்தது என வருந்தி, யாழையே முறிக்க ஓங்கினார்.

பிள்ளையார் அதனைத் தடுத்து வாங்கிக்கொண்டார். சிவசத்தியின் பெருமை முழுதும் ஒரு கருவியில் அளவுபடாது எனத் தெளிவித்து, இயன்ற அளவில் வாசிக்குமாறு அருளி யாழைத் திருப்பித் தந்தார்.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. புகழ் கேட்டு மகிழ்தல் மட்டுமன்று, குறை கண்டு வெதும்புதலும் யான் என்னும் எண்ணத்தின் வேறுருவே. முறிய வேண்டியது யாழன்று. இயலும் என்றும் இயலாது என்றும் அளந்துகொண்டிருக்கும் அம்மனவோட்டமே. அது முறிந்தபின் பாணனார்க்கு மீண்டும் கலக்கம் நேர்ந்ததாக வரலாறு இல்லை. பதிகந்தோறும் உடன் வாசித்து, நல்லூர்ப்பெருமணத்தில் பிள்ளையார் திருமணத்தின்போது எழுந்த சோதியில் துணைவியாரோடு கலந்தார்.

குடமுழுக்குக் காணும் அன்பர்களே! கல்லும் பொன்னும் காலமும் உதவினோம். யாம் செய்தோம் என்னும் எண்ணமும், இன்னும் செய்ய இயலவில்லையே என்னும் ஏக்கமும் இத்திருவாயிலிலேயே அடங்குக. இயன்றதை இசைத்தலே தொண்டு. எஞ்சியது அவன் அருள்.