காற்றைக் கலத்தில் அடைத்தவர்

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

மின்விளக்கு என்றதும் எடிசனின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வர். ஆனால், எடிசனின் இழை விளக்கு வெற்றி காண்பதற்குச் சில திங்கள் முன்னரே, ஒரு நகரத்தின் நடுச் சதுக்கத்தை மின்னொளியில் குளிப்பாட்டினார் மற்றொருவர். அவர்தாம் சார்லஸ் பிரான்சிஸ் பிரஷ்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், யூக்ளிட் என்னும் ஊர்ப் பண்ணையில் 1849-ஆம் ஆண்டு பிறந்தார் பிரஷ். இளமையிலேயே மின்கருவிகளைத் தாமே செய்து பார்க்கும் வேட்கை அவருக்கு இருந்தது. 1869-இல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் சுரங்கப் பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர் டைனமோ ஒன்றையும், கரிக்கோல்கள் எரிந்து குறையக் குறைய இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் வில் விளக்கையும் உருவாக்கினார். 1879 ஏப்ரல் 29 அன்று கிளீவ்லாந்து நகரச் சதுக்கத்தில் அவருடைய பன்னிரண்டு விளக்குகள் ஒளிர்ந்தன. புகழும் பொருளும் அவரைத் தேடி வந்தன.

எனினும், வீடுகளுக்கு மின்கம்பி வருவது அரிதாயிருந்த காலம் அது. தம் மாளிகைக்கு வேண்டிய மின்சாரத்தைக் காற்றிலிருந்தே பெறத் துணிந்தார் பிரஷ். 1888-இல் அவர் வீட்டின் பின்புறம் மாபெரும் காற்றாலை எழுந்தது. சக்கரத்தின் விட்டம் 56 அடி, இறக்கைகள் 144. சக்கரம் ஒருமுறை சுழன்றால் டைனமோ 50 முறை சுழலும். அதன் திறன் 12 கிலோவாட்.

இங்கேதான் உண்மையான சிக்கல் எழுந்தது. காற்று நம் விருப்பப்படி வீசுவதில்லை. விளக்கோ இரவில் வேண்டும். எனவே நிலவறையில் 12 சேமக்கல அடுக்குகளை வைத்தார். அடுக்கு ஒன்றுக்கு 34 கலங்கள். காரீயக் கலம் ஒன்று ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆகவே ஓர் அடுக்கின் மின்னழுத்தம் சுமார் 68 வோல்ட். காற்று தளர்ந்து டைனமோவின் அழுத்தம் இதற்குக் கீழே இறங்கினால் என்னாகும்? கலத்தின் மின்சாரம் திரும்பி ஓடி டைனமோவையே மோட்டாராகச் சுழற்றும், சேமித்ததெல்லாம் வீணாகும். நெடுநாள் மின்னேற்றமின்றிக் கிடக்கும் காரீயக் கலத்தின் தகடுகளில் சல்பேட்டு இறுகிக் கலமே கெடும். புயற்காற்றில் அழுத்தம் வரம்பு மீறினாலும் கலத்துக்குக் கேடுதான்.

பிரஷ் கண்ட வழி எளியது, ஆயினும் நுட்பமானது. டைனமோவின் அழுத்தம் 75 வோல்ட்டை எட்டும்போது இணைப்பு தானே சேரும்; 70 வோல்ட்டுக்கு இறங்கினால் தானே விடுபடும்; எவ்வளவு காற்றடித்தாலும் அழுத்தம் 90 வோல்ட்டைத் தாண்டாது. விளக்கில் தானியங்கும் கரிக்கோலை அமைத்த அதே அறிவு, காற்றாலையிலும் காவல் நின்றது! 350 விளக்குகள் கொண்ட அம்மாளிகை இவ்வாறு ஒளிபெற்றது.

காற்று இலவசம், அதைப் பிடிக்கும் பொறி இலவசமன்று. அத்தகைய ஏற்பாடு அன்று செல்வர்க்கே இயன்றது என்பதையும் நாம் மறக்கலாகாது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்த அக்காற்றாலை 1908-ஆம் ஆண்டளவில் ஓய்ந்தது. தம் நிறுவனத்தை 1889-இலேயே விற்றுவிட்ட பிரஷ், அதன் பின்னரும் வீட்டு ஆய்வுக்கூடத்தை விடாமல் உழைத்து, 1929-இல் மறைந்தார்.

ஆனால் அவருடைய கருத்து மறையவில்லை. மின்கம்பி எட்டாத குடிசையின் கூரையில் இன்று சூரியத் தகடு இருக்கிறது. அதற்கும் சேமக்கலத்துக்கும் நடுவே உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. இரவில் மின்சாரம் பின்னோக்கி ஓடாமல் தடுப்பதும், பகலில் மின்னேற்றம் அளவு மீறாமல் காப்பதும் அதன் பணி. மாளிகையின் நிலவறையில் பிரஷ் செய்த வேலையையே அது குடிசையில் செய்கிறது. ஆற்றலைத் தேடுவது மட்டும் அறிவியலன்று. தேடியதைச் சிதறாமல் காப்பதும் அறிவியலே. ஆய்வுக்கூடத்தில் சேமக்கலத்துக்கு மின்னேற்றம் செய்யும் நாளில், நண்பர்களே, அந்தப் பண்ணை வீட்டுப் பிள்ளையை ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.