கணபதி ஸ்தபதியார் சரிதம்

முன்னாளில் நம் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த பிள்ளையார்பட்டியில், 1927-ஆம் ஆண்டு, வைத்தியநாத ஸ்தபதியாரின் புதல்வராய்ப் பிறந்தவர் கணபதி ஸ்தபதியார். காரைக்குடியிற் கணிதம் பயின்றார். தந்தையாரிடம் உளி பிடித்தார். மாமல்லபுரத்து அரசினர் சிற்பக் கல்லூரிக்குத் தந்தையாரின் பின் 27 ஆண்டுகள் தலைவராய் விளங்கி, குடும்பத்துள் அடங்கியிருந்த மனையளவு நூலை வகுப்பிலே போதித்தார்.

புதுமடத்தில் உப்புக்காற்று கட்டடத்து இரும்புக்கம்பியை அரித்தலை நாடோறும் காணும் யாம் கல்லின் அருமையை அறிவோம். குமரிக்கடலில் அவர் எடுப்பித்த 133 அடி வள்ளுவர் சிலை, 2000-இல் திறக்கப்பெற்று, 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்கும் அசையாது நின்றது.

2011-இல் அவர் மறைந்தார். அன்பர்காள்! கல்லினும் நெடிது நிற்பது கற்பித்த வித்தை. நம் வீட்டு வித்தையை நாம் ஒளித்து வைத்தல் தகுமோ?