நூலகத்திலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு

நுண்ணுயிரியல் பயிலும் நம் மாணவர்களுக்கு லூயி பாஸ்டரும் இராபர்ட் கோக்கும் நன்கு அறிமுகமானவர்கள். இந்திய மண்ணிலேயே ஆய்வுக்கூடம் அமைத்துக் காலராவையும் பிளேக்கையும் எதிர்த்து நின்ற வால்டெமர் ஹாஃப்கினை அந்த அளவுக்கு நாம் போற்றவில்லை. அக்குறையை ஓரளவேனும் நீக்கவே இதனை எழுதுகின்றோம்.

கருங்கடல் துறைமுகமான ஒடெசாவில் 1860ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் ஹாஃப்கின். பல்கலைக்கழகத்தில் மெச்னிகோவிடம் விலங்கியல் பயின்றார். புலமை இருந்தும், யூதர் என்னும் காரணத்தால் ரஷ்யப் பேரரசில் பேராசிரியர் பதவி அவருக்கு எட்டாக்கனியாயிற்று. மதம் மாறினால் வழி திறக்கும் என்ற நிலையிலும் அவர் இணங்கவில்லை. 1888இல் ஜெனீவா சென்றார். மறு ஆண்டு பாரிஸ் பாஸ்டர் நிலையத்தை அடைந்தார். அங்கே காலியாக இருந்தது உதவி நூலகர் பணி ஒன்றே. அதனை ஏற்றுக்கொண்டு, எஞ்சிய நேரத்தையெல்லாம் ஆய்வுமேசையில் கழித்தார். படிப்புக்கேற்ற பணி கிட்டும்வரை வாளாவிருக்கும் நம் பட்டதாரிகள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்ப்பாராக.

காலராக் கிருமியைக் கினிப்பன்றிகளின் வயிற்றறையில் மீண்டும் மீண்டும் செலுத்தி அதன் வீரியத்தைக் கூட்டினார். வெப்பத்தால் அதனைத் தணிக்கும் முறையையும் கண்டார். 1892 ஜூலை 18ஆம் நாள் முதல் ஊசியைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். 1893இல் கல்கத்தா வந்து, பல்லாயிரவர்க்குத் தடுப்பூசி இட்டார். மருத்துவப் பட்டம் பெறாதவர் என்று ஆங்கிலேய மருத்துவ அதிகாரிகள் பலர் அவரை ஏளனமாகவே நோக்கினர்.

1896இல் பம்பாயைப் பிளேக் பற்றியபோது, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் எளிய ஆய்வுக்கூடத்தில் பணி தொடங்கினார். இறைச்சிச் சாற்றின் மேல் சில துளி நெய் விட்டால், அதனைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுதுகளெனக் கீழ்நோக்கி வளர்கின்றன. கலத்தை அசைத்து அவற்றை உதிர்த்தால் மீண்டும் வளர்கின்றன. இவ்வாறு பெருகியவற்றைச் சூடேற்றிக் கொன்று தடுப்புமருந்து ஆக்கினார். நம் அடுக்களை நெய்க்கு ஆய்வுக்கூடத்தில் இத்தகைய பெருமை! 1897 ஜனவரி 10ஆம் நாள் மீண்டும் தம் உடலையே சோதனைக்கு ஒப்படைத்தார்.

மக்களோ ஊசிக்கு அஞ்சினர். அவ்வேளையில் துணைநின்றவர் ஆகா கான் சுல்தான் முகம்மது ஷா. இருபது வயதையொட்டிய அவ்விளைஞர் பலரறிய ஊசி இட்டுக்கொண்டு, தம் கோஜா சமுதாயத்தாரையும் அவ்வாறே செய்யத் தூண்டினார். ஆய்வுக்கூடத்திற்குத் தம் மாளிகை ஒன்றையும் அளித்தார். 1899இல் அக்கூடம் பரேலிலுள்ள பழைய கவர்னர் மாளிகைக்கு மாறியது.

பிறகு வந்தது பேரிடி. 1902 அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் 107 பேர் ஊசி இட்டுக்கொண்டனர். அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் வில்வாத ஜன்னியால் மாண்டனர். கார்பாலிக் அமிலம் சேர்க்கும் வழக்கத்தை ஹாஃப்கின் கைவிட்டிருந்ததைச் சுட்டி, குற்றம் ஆய்வுக்கூடத்தின் மீதே சுமத்தப்பட்டது. அவர் பணியிலிருந்து நீக்கிவைக்கப்பட்டார். ஊசியிட்ட இடத்தில் உதவியாளர் ஒருவர் இடுக்கியைத் தரையில் நழுவவிட்டதும், அதனை நெருப்பில் காட்டாமலேயே அப்புட்டியைத் திறந்ததும் விசாரணையிலேயே தெரியவந்தவை. இருந்தும் ஆண்டுகள் கழிந்தன. மலேரியா ஆய்வால் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் முதலிய பதின்மர் 1907இல் இலண்டன் டைம்ஸ் இதழில் அவருக்காக வாதாடிய பின்னரே பழி நீங்கிற்று. ஒரு கைத்தவறுக்கு ஓர் அறிஞரின் ஐந்தாண்டுகளை விலையாகக் கொண்டது அநீதி என்றே நாம் கருதுகின்றோம். பத்தொன்பது குடும்பங்களின் துயரமும் அதனினும் சிறிதன்று.

மீண்டும் கல்கத்தா வந்தார். பம்பாய்க் கூடம் அவருக்குத் திரும்பக் கிட்டவில்லை. புதிய தடுப்பூசிகளை மக்களிடம் சோதிக்கவும் இசைவு தரப்படவில்லை. 55ஆம் வயதில் ஓய்வுபெற்று ஐரோப்பா மீண்டார். பரேல் ஆய்வுக்கூடத்திற்கு 1925இல் ஹாஃப்கின் நிலையம் எனப் பெயரிட்டனர். அதன்பின் ஐந்தாண்டுகள் வாழ்ந்து, 1930 அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் மறைந்தார்.