கண்ணிழந்த யாழிசைக் கலைஞர்

அயர்லாந்து தேசத்தின் சின்னம் யாழ். அந்த யாழோடு ஊர் ஊராகச் சென்றவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் டர்லக் ஓ கரோலன்.

1670-ஆம் ஆண்டு மீத் மாவட்டத்தில் நாபர் என்ற ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். தந்தைக்கு மக்டெர்மட் ரோ என்னும் கத்தோலிக்கக் குடும்பத்தாரிடம் வேலை கிடைத்தது. அவ்வீட்டு அம்மையார் மேரி, சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு கல்வி பயிலச் செய்தார்.

பதினெட்டாம் வயதில் பெரியம்மை கண்டது. உயிர் தப்பியது, இரு கண்களும் போயின. யாழ் கற்றுப் பிழைப்பது அந்நாட்டில் பார்வையற்றோர்க்கு இருந்த ஒரு வழி. அம்மையாரே ஆசிரியர் ஒருவரை அமர்த்தினார். மூன்றாண்டுகளுக்குப் பின் குதிரை ஒன்றும், வழிகாட்ட ஓர் ஆளும், கைச்செலவுக்குப் பணமும் தந்து அனுப்பி வைத்தார். பெற்ற தாய் வேறென்ன செய்திருப்பாள்!

அந்நாளைய யாழ் எளிதில் வசப்படுவதன்று. வில்லோ மரக்கட்டையைக் குடைந்து கையால் செய்தது, பித்தளைக் கம்பிகள் பூட்டியது, நகங்களால் மீட்டுவார்கள். ஒலி நெடுநேரம் நிற்குமாதலால், முன் மீட்டிய கம்பியை விரலால் அடக்கிக்கொண்டே அடுத்ததை மீட்ட வேண்டும். காலம் கடந்து கற்ற கரோலன் விரல் வன்மையில் பிறரை மிஞ்சவில்லை. முதலில் தங்கிய வீடுகளுள் ஒன்றில், புதிய மெட்டு அமைத்துப் பார்க்கும்படி வீட்டுக்காரர் சொன்னார். அதுவே அவருக்கு வழி திறந்தது. ஏறக்குறைய 45 ஆண்டுகள், உபசரித்தோர் பெயரால் மெட்டுகள் கட்டினார். மெட்டு முதலில், சொற்கள் பிறகு.

அது கத்தோலிக்கருக்குக் கொடிய காலம். பள்ளி நடத்தத் தடை; 1697-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயர்களும் துறவிகளும் நாடு கடத்தப்பட்டனர். அத்தகைய நாளில் ஓர் உயிர்ப்பு ஞாயிறன்று கரோலன் பூசையில் யாழ் மீட்டியதை, அவரிடம் யாழ் பயின்ற சார்லஸ் ஓகானர் என்னும் அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். வானவர் கீதத்தைத் தம் தாய்மொழியாகிய ஐரிஷ் மொழியில் பாடியபடியே மீட்டினாராம். கர்த்தர் கற்பித்த செபத்தின்போது நிறுத்தினார். குருவானவர் அதை முடித்ததும், ஆண்டவரின் உயிர்ப்பைப் பற்றித் தாம் அமைத்த இசையை வாசித்தார். அவருடைய பக்தி, கூடியிருந்த மக்கள் அனைவரையும் உருக்கிவிட்டதாம்.

1733-இல் மனைவியை இழந்தார். தளர்ந்தபின் அவர் தேடிச் சென்றது மேரி அம்மையாரின் வீட்டைத்தான். 1738 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று அங்கே உயிர் துறந்தார். கில்ரோனன் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

கரோலன் மெட்டுகளை எழுதி வைப்பவரல்லர். 1792-இல் பெல்ஃபாஸ்டு நகரில் முதிய யாழ்க்கலைஞர்கள் கூடியபோது, எட்வர்டு பண்டிங் என்ற 19 வயது இளைஞர் உடனிருந்து அவர்கள் வாசித்தவற்றைக் குறித்துக்கொண்டார். இப்படிப் பலர் பாடுபட்டதால் 200-க்கும் மேற்பட்ட மெட்டுகள் பிழைத்தன. அவர் தனியாக மீட்டியவற்றை, மேல்குரல் கீழ்க்குரல் எனப் பிரித்தமைத்து இன்று யாழ்க் குழுவினர் சேர்ந்து வாசிக்கிறார்கள். அந்த உயிர்ப்பு ஞாயிற்றின் இசை மட்டும் அவற்றுள் இல்லை.