கட்டியவர் பார்க்காத 14 மாடி!

சென்னை மவுண்ட்ரோட்டில் எல்.ஐ.சி. கட்டிடத்தைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் அதற்கு ஆசைப்பட்டவர் எம்.சிடி.எம்.சிதம்பரம் செட்டியார். (சேப்பாக்கம் ஸ்டேடியத்தின் பெயரில் உள்ள எம்.ஏ.சிதம்பரம் வேறு, இவர் வேறு.)

செட்டியார் பிறந்தது 1908. 28 வயதிலேயே, 1937ல், இந்தியன் ஓவர்சீஸ் பாங்கை ஆரம்பித்தார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறப்பு!

யுனைடெட் இந்தியா ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனியும் இவர் கையில் இருந்தது. அதன் தலைமை ஆபீசுக்காகத்தான் இந்தக் கட்டிடம். 1953ல் வேலை தொடங்கியது.

விமானம் நொறுங்கியது

1954 மார்ச் 13-ந்தேதி. சிங்கப்பூரில் இறங்கிய விமானம் நொறுங்கித் தீப்பிடித்தது. 33 பேர் பலி. அதில் செட்டியாரும் ஒருவர். வயது 45.

1956ல் ஆயுள் இன்சூரன்ஸ் தொழிலை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. கட்டி முடியாத கட்டிடமும் எல்.ஐ.சி. வசம் போனது.

1959 ஆகஸ்டில் திறப்பு விழா. நகரத்திலேயே அப்போது அதுதான் உயரம். 1975 ஜூலையில் பெரிய தீ விபத்து. அதையும் தாங்கிக்கொண்டு இன்னும் நிற்கிறது.

கண்டக்டர் "எல்.ஐ.சி." என்று கத்தினால் கூட்டமே இறங்குகிறது. செட்டியார் பேரைச் சொன்னால் பாதிப் பேர் முழிப்பார்கள்!