நூலகத் தந்தை அரங்கநாதனார்

சென்ற ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள், தேசிய நூலகர் நாளன்று, திருப்பதியில் எங்கள் நூலகவியல் வகுப்பில் ஒரு பெரியவரின் படத்துக்கு மாலையிட்டோம். பக்கத்தில் நின்ற தெலுங்கு நண்பர், இவர் உங்கள் தமிழர்தாமே, எந்த ஊர், எப்படி இத்துறைக்கு வந்தார் என்று என்னைக் கேட்டார். சீர்காழி என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வெட்கம் என்னைப் படிக்க வைத்தது. படித்ததை நம் மன்றத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்தில் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஊர்ப் பள்ளியில் படித்து, பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, 1916இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அவருக்குத் திக்குவாய் இருந்தது. அதனோடு போராடி வென்றே ஆசிரியரானார். மங்களூரிலும் கோவையிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். கற்பிப்பதே அவர் உயிர்.

அப்படிப்பட்டவர் நூலகரானது ஒரு வேடிக்கை. சென்னைப் பல்கலைக் கழகம் தனக்கு முதன்முதலாக ஒரு நூலகரைத் தேடியது. விண்ணப்பித்தவர் சுமார் 900 பேர். ஒருவரும் அத்தொழிலை முறையாகக் கற்றவரல்லர்; அன்று நம் நாட்டில் அது கற்கும் தொழிலாகவே கருதப்படவில்லை. நண்பர்கள் தூண்ட, அரைமனத்தோடு அரங்கநாதனும் விண்ணப்பித்தார். வேலை அவருக்கே கிடைத்தது. 1924 ஜனவரியில் போய் அமர்ந்தார். படிக்க வருவோர் அருகிய பெரிய கூடம். பேச ஆளில்லாத தனிமை. சில நாட்களிலேயே கல்லூரி முதல்வரிடம் ஓடிச் சென்று, பழைய வேலையையே தருமாறு வேண்டினார். முதலில் இங்கிலாந்து சென்று இத்தொழிலைப் படித்துவிட்டு வரவேண்டும், அதன் பின்னும் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்று முடிவாயிற்று.

அந்தப் பயணம் அவரை மாற்றிவிட்டது. இலண்டனில் பேர்விக் சேயர்ஸ் என்ற அறிஞரிடம் கற்றார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்நிலையங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே தொழிலாளரும் பெண்களும் குழந்தைகளும் நூல்நிலையத்துக்கு வந்து போவதைக் கண்டார். புத்தகம் பேராசிரியர்களுக்கு மட்டுமே உரியதன்று என்பது அவர் நெஞ்சில் பதிந்தது. அங்குள்ள ஒரு பெரிய கடையில், துண்டுகளைத் திருகாணியால் பூட்டிப் பலவகைப் பொம்மை செய்யும் விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்ததே, 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை.

அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நெற்பயிருக்கு வரும் நோயைத் தீர்க்கும் முறை பற்றி ஒரு நூல் இருக்கிறதென வையுங்கள். வேளாண்மை, நெல், நோய், தீர்வு என அதன் பொருளை நான்கு துண்டாக்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறி தந்து, இடையிலே முக்காற்புள்ளி போன்ற குறிகளை இட்டு இணைத்தால், அந்த நூலின் இடம் தெரிந்துவிடும். நாளை புதிய பொருள் ஒன்று தோன்றினும் புதிய குறியை இணைத்துக்கொள்ளலாம். இன்று பெரும்பாலான நூலகங்கள் அமெரிக்கரான டியூயியின் பகுப்பையே கையாளுகின்றன என்பது உண்மை. ஆயினும் கணினியில் நாம் ஒரு பொருளை வகை, விலை, நிறம் என்று பலவாறு வடிகட்டித் தேடும்போது, அந்தச் சீர்காழிக் கணித ஆசிரியரின் கருத்துக்கு உறவான ஒன்றையே கையாளுகிறோம்.

1925இல் திரும்பிய அரங்கநாதன் கல்லூரிக்குப் போகவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்னைப் பல்கலைக் கழக நூல்நிலையத்திலேயே இரவு பகல் பாராது உழைத்தார். அலமாரிகளைத் திறந்துவிட்டு, வாசகரே உள்ளே சென்று புத்தகத்தை எடுத்துப் பார்க்கச் செய்தார். விடுமுறை நாட்களிலும் கதவு திறந்திருக்கச் செய்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். மறு ஆண்டே நூலகப் பயிற்சி தொடங்கியது. அந்த 1928இலேதான் அவர் முதல் மனைவி உருக்குமணி அம்மையார் கோயில் குளத்தில் விபத்தில் மாண்டார். துயரத்தையும் அவர் வேலையிலேயே கரைத்திருக்க வேண்டும்.

1931இல் வெளிவந்த நூலில் அவர் ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பயன்படுவதற்கே உரியன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்கவேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் என்பது வளரும் உயிர். இவ்வளவுதான். இதில் என்ன புதுமை என்று முதலில் நானும் நினைத்தேன். பிறகு இரண்டு பூட்டுகள் நினைவுக்கு வந்தன.

ஒன்று, திருமலையில். அன்னமாசாரியரின் சங்கீர்த்தனங்களைப் பொறித்த செப்பேடுகள், சுமார் 2,500 இருக்கும், கோயிலுக்குள் ஒரு கல்லறையில் நூற்றாண்டுகளாக அடைபட்டுக் கிடந்தன. 1922ஆம் ஆண்டு வாக்கிலேதான் வெளிச்சத்துக்கு வந்தன. அவை பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றைப் படிப்பார் இல்லை, பாடுவார் இல்லை.

மற்றொன்று, என் ஊரில். சித்தூருக்குத் தெற்கே, தமிழ் பேசுவோர் மிகுந்த சிற்றூர் அது. அங்குள்ள ஒரு சிறு நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் கண்ணாடி பீரோ ஒன்றில் இருந்தன. சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. பள்ளி நாட்களில் அப்புத்தகங்களின் முதுகை மட்டும் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து, பெயர்களை மனப்பாடம் செய்தேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று கடைசிவரை தெரியாது. முதல் விதியின் பொருள் எனக்கு அந்த பீரோவின் முன்தான் விளங்கிற்று.

அரங்கநாதன் ஏட்டோடு நின்றவரல்லர். அவருடைய கருத்தால் தூண்டப்பெற்றுக் கனகசபைப் பிள்ளை என்பவர், 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார். ஆனால் ஒரு வள்ளலின் வண்டி எத்தனை ஊருக்குப் போகும்? சட்டம் வேண்டும், நிலையான வருவாய் வேண்டும் என்று அரங்கநாதன் கண்டார். 1930இலேயே மாதிரிச் சட்டம் ஒன்றை வரைந்தார். பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியோடு ஒரு சிறு நூலக வரி. அதனைக் கொண்டு மாவட்டந்தோறும் நூல்நிலையங்கள். இதுவே அதன் உயிர்நிலை.

சித்தூர் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆதலின் அச்சட்டம் இம்மண்ணுக்கும் உரியதாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. அதே ஆண்டில் ஆந்திரத்துக்கெனத் தனி நூலகச் சட்டமும் வந்தது. 2022இல் திருப்பதியே தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறின, வரி கொண்டு நூலகம் நடத்தும் வழி மாறவில்லை. ஆனால் உள்ளாட்சி மன்றங்கள் வசூலிக்கும் வரி நூலகத்துக்கு வந்து சேரத் தாமதமானால் புதுப் புத்தகம் நின்றுபோகும். அவ்வாறு நிற்கும்போது முதலில் நிற்பது சிறுபான்மை மொழிப் புத்தகமே.

அவருடைய பிற்கால வாழ்வு வடக்கே சென்றது. திருத்தணியில் பிறந்து திருப்பதியில் பள்ளிப் படிப்புப் பயின்ற இராதாகிருஷ்ணன், காசி இந்துப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக இருந்தபோது அவரை அழைத்துக்கொண்டார். 1945 முதல் 1947 வரை, சுமார் ஒரு லட்சம் நூல்களை அரங்கநாதன் தம் கையாலேயே அங்குப் பகுத்தார். பின்னர் தில்லி, சூரிச், பெங்களூர். 1957இல் பத்மஸ்ரீ விருது. 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவி. தாம் சேர்த்த ஒரு லட்சம் ரூபாயை, இரண்டாம் மனைவி சாரதா அம்மையாரின் பெயரால் நூலகவியல் கல்விக்கென்று சென்னைப் பல்கலைக் கழகத்துக்கே கொடுத்தார். எளிய வாழ்வு வாழ்ந்து, 1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார்.

அன்பர்களே! அவர் படத்துக்கு ஆண்டுக்கொரு மாலை போதாது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். தமிழ் அலமாரி எங்கே என்று கேளுங்கள். பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். இல்லாத நூலின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கேட்பார் உண்டு என்று தெரிந்தால்தான் வாங்குவார் உண்டாவர். நானும் நாளை ஒரு நூலகனாகி, எந்த ஊருக்கு என்னை அனுப்பினாலும், முதல் நாள் செய்யப்போகும் வேலை ஒன்றே: சாவிகளை எண்ணிப் பார்ப்பது. தெலுங்கு நண்பருக்கு நான் அன்று சொல்லத் தவறிய விடையும் அதுதான்.